பங்களாக் கம்பி

மெசின் பேசிவிட்டது. என்ன பேசியது என்றுதான் கிளாக்கர் சிவராசாவுக்கு விளங்கவில்லை.

ஆடன்மூர் தோட்டத்துத் தொழிற்சாலை அலுவலகமான கந்தோரின் மூலை மேசையில் அந்தக் கறுப்பு இரும்புப் பெட்டி கடகடவென்று ஆடி, கடைசியில் 'டிங்' என்று ஒரு மணியடித்து ஓய்ந்தபோது, சன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த முகங்களெல்லாம் 'ஓ'வென்று கூவின. கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் தலைக்கூடையை இறக்காமலே எட்டிப் பார்த்தார்கள். தபால் பையைத் தூக்கும் வீரய்யா வாசற்படியில் நின்று துள்ளினான்.

"ஐயா, வந்திருச்சுங்களா? தொர பேசிட்டாருங்களா?"

சிவராசா கடதாசியைக் கிழித்தெடுத்துப் பார்த்தார். எழுத்துகள் அச்சடித்தாற்போல் அழகாக விழுந்திருந்தன. எல்லாம் ஆங்கில எழுத்துத்தான். ஆனால் சேர்த்துப் படித்தால் ஒரு சொல்லும் ஆங்கிலமாக இல்லை.

வெளியே இத்தனை பேர் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள். சிவராசா கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"வந்திட்டுது! எல்லாருக்கும் வணக்கமாம். துரை சொல்லியிருக்கிறார்."

கைதட்டல் தொழிற்சாலைக் கூரையைத் தூக்கியது. யாரோ தப்பு மேளம் எடுக்க ஓடினார்கள். சிவராசா சிரித்துக்கொண்டே கந்தோர்க் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகு சிரிப்பு போய்விட்டது.

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே மலையேறிப் போனால் ஆடன்மூர். தொழிற்சாலை ஓடைக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில் கிடந்தது. பெரிய துரையின் பங்களா எதிர்மலை உச்சியில். மக்ரே துரை மோட்டார் சைக்கிளோடு வளைவில் உருண்டு, காலில் மாக்கட்டுப் போட்டுக்கொண்டு பங்களா வராந்தாவில் விழுந்து கிடந்த நாளிலிருந்து தோட்ட நிர்வாகம் நொண்டியது. டெலிபோன் இருந்தது. ஆனால் யுத்தத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நின்று துரையின் காது மந்தமாகியிருந்தது. "கொழுந்து குறைவு சேர்" என்று கீழேயிருந்து கத்தினால், அவர் காதில் 'கொழுந்து நிறைவு' என்று விழும். சந்தோஷமாக நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுவார்.

அதனால்தான் கொழும்பில் யுத்தகாலச் சாமான் ஏலத்தில் இந்த இரண்டு பெட்டிகளையும் வாங்கினார். ஒன்று பங்களாவில். அதில் எழுத்துக் கட்டைகளைத் தட்டினால், கம்பி வழியாகப் போய், கந்தோரிலிருக்கும் மற்றது தானாகவே அடித்துக் காட்டும். டெலிபிரிண்டர் என்று பெயர். தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சனங்கள் 'பேய்ப்பெட்டி' என்றார்கள்.

மலைக்கு மலை கம்பி இழுக்க யார்? அப்போதுதான் சிவராசா வாயைக் கொடுத்தார்.

"என்ர தமையன் தந்திக் கந்தோரிலை வேலை சேர். கம்பி எங்கட குடும்பத்துக்குக் கைவந்தது."

தமையன் தபால் கந்தோரில் முத்திரை விற்றுக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்ல வேண்டிய அவசியம் அப்போது வரவில்லை.

துரை முகம் மலர்ந்து அவர் தோளில் தட்டினார். "கம்பி நீ இழுக்கிறான். மெசின் வேலை செஞ்சா, பெரிய கிளாக்கர் நாக்காலி நீ உக்காருறான்!"

பெரிய கிளாக்கர் அந்த மாதத்தோடு ஓய்வெடுத்து ஊருக்குப் போகிறார். அந்த நாற்காலிக்குச் சாய்வு முதுகும் பிரம்புப் பின்னலும் உண்டு. சிவராசா அதைக் கனவிலும் துடைத்துக்கொண்டிருந்தார். "நிச்சயமாக, சேர்" என்று வழக்கம்போல் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

இப்போது கம்பி இழுத்தாயிற்று. மெசினும் தட்டிவிட்டது. ஆனால் தட்டியது ஆங்கிலமாக இல்லை.

அவர் பேனையை எடுத்து, "செய்தி கிடைத்தது சேர். மிக்க நன்றி" என்று ஆங்கிலத்தில் ஒரு துண்டு எழுதி வீரய்யாவிடம் கொடுத்தார். கந்தோர்ப் பெட்டிக்குக் கேட்கத்தான் தெரியும், பதில் பேசத் தெரியாது. பதிலுக்கு வீரய்யாவின் கால்தான்.

"இனிமே மலையேற வேணாம்னு சொன்னீங்களேயா?"

"இது கடைசித்தரம். ஓடு."

வீரய்யா போனதும், சிவராசா தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் மகாலிங்கத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். தேயிலைத் தூசி படிந்த மீசையோடு வந்த மகாலிங்கம், தோட்டத்திலேயே பெரிய ஆங்கில அகராதிக்குச் சொந்தக்காரர்.

"அண்ணை, ஒருதருக்கும் சொல்லக்கூடாது. மெசின் பிழையாய் அடிக்குது."

மகாலிங்கம் கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எழுத்தெழுத்தாய்ச் சொன்னார். "என்-யூ-எல்-எல்-ஏ-எச். பிறகு வி-ஏ-எல்-ஏ-வை." அகராதியைப் புரட்டினார். புரட்டியவர் அப்படியே நின்றார். "தம்பி! முதல் சொல்லு இருக்குது!"

"இருக்குதோ?"

"ஓம்! நீரோடை எண்டு அர்த்தம். மலையோடை. அடுத்தது... இதிலை எழுத்து மாறிப்போச்சு. பள்ளத்தாக்கு எண்டு வந்திருக்க வேணும். ஓடை, பள்ளத்தாக்கு!"

இருவரும் ஒரே நேரத்தில் சன்னல் வழியே பார்த்தார்கள். அங்கே, தேயிலைச் சரிவின் அடியில், பள்ளத்தாக்கின் ஓடைக்கு மேலாகத்தான் கம்பி தாழத் தொங்கிக்கொண்டு போனது.

"பிழை எங்கை எண்டு துரை கண்டுபிடிச்சிட்டார்!" சிவராசா மேசையில் குத்தினார். "ஓடைத் தண்ணி தெறிச்சு மின்சாரம் கசியுது. அதுதான் எழுத்துத் தப்புது. என்ன மூளை மனிசனுக்கு!"

பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கு இறங்கினார். மரமேறுவதில் கெட்டிக்காரனான அழகன் சவுக்கு மரத்தின் உச்சிக்குப் போய், கம்பியை அவிழ்த்து உயரத்தில் கட்டினான். கீழே நின்றவர்கள் இழுத்தார்கள். வழுக்குப் பாறையில் சறுக்கி இருவர் தண்ணீரில் விழுந்தார்கள். கரையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் மூடுபனியே விலகிப்போயிற்று.

விலகிய பனிக்கு அப்பால், பங்களா வராந்தாவில் ஏதோ பளபளத்தது. துரையின் தூரக்கண்ணாடி.

"துரை பார்க்கிறார்!" என்றார் சிவராசா உற்சாகமாக. தொப்பியைக் கழற்றி ஆட்டினார். துரை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி ஆட்டினார். ஊன்றுகோலையும் சேர்த்து ஆட்டினார்.

"பாத்தியளே அண்ணை, எவ்வளவு சந்தோசம் மனிசனுக்கு!"

திரும்பிக் கந்தோருக்கு வந்தபோது மெசின் மறுபடி அடித்து முடித்திருந்தது. முதல் இரண்டு சொல்லும் அப்படியே இருந்தன. ஓடை, பள்ளத்தாக்கு. அவற்றுக்குப் பின்னால் புதிதாக மூன்று.

"கே-ஈ-டீ-டீ-வை" என்றார் மகாலிங்கம். "பிறகு சி-ஏ-ஆர். பிறகு ஆர்-யூ-என். தம்பி, கடைசி இரண்டும் சுத்த ஆங்கிலம்! கார். ஓடு."

"ஓடையிலை கம்பியை உயர்த்தினதுக்குப் பலன் கிடைச்சிட்டுது! முந்தி ஒரு சொல்லுத்தான் சரி, இப்ப இன்னும் இரண்டு சரி."

"இந்த மூண்டிலை முதல் சொல்லு?"

சிவராசா நெற்றியைத் தடவினார். சட்டென்று முகம் விளக்குப்போல் பிரகாசித்தது. "துரைசாணியின்ர பேர் என்ன? கிற்றி! இதிலை ஒரு எழுத்துத்தான் மாறியிருக்கு. துரைசாணிக்குக் கார் வேணுமாம். ஓட்டிக்கொண்டு வரட்டாம்!"

துரை விழுந்த நாளிலிருந்து கார் கொட்டகைக்குள்ளேயே கிடந்தது. டிரைவர் இராமையா தூசி தட்டி, தள்ளுவித்து, கிளப்பி, பங்களாவுக்கு ஏற்றினான். காது கேளாத புருஷனுக்குப் பக்கத்தில் இத்தனை வாரமும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்த துரைசாணி, கார் முற்றாக நிற்குமுன்னே ஏறி உட்கார்ந்துவிட்டாள். நுவரெலியாவுக்குப் போகச் சொன்னாள். தலைமுடி திருத்திக்கொண்டு, தோழிகளோடு தேநீர் குடித்து, பொழுது சாயத்தான் திரும்பி வந்தாள்.

வீரய்யா, "துரைசாணிக்குக் கார் அனுப்பியாயிற்று. மற்றதையும் கவனிக்கிறோம் சேர்" என்ற துண்டோடு மலையேறி, மூச்சு வாங்கத் திரும்பினான்.

"துரை என்ன சொன்னவர்?"

"படிச்சாருங்க. என்னையப் பாத்தாரு. மறுபடியும் படிச்சாருங்க. அப்புறம் தலையச் சொறிஞ்சாரு."

"வாயாலை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"நானும் கேட்டேங்க. 'ஐயாகிட்ட என்னா தொர சொல்றது?'ன்னு காதுல போய்க் கத்துனேன். அதுக்குத் தொர, 'இனி வாய்ப்பேச்சு இல்லே! எல்லாம் மெசின்! நான் மெசின்லே சொல்றான்!'ன்னு சொல்லிட்டு, நொண்டிக்கிட்டே பொட்டிகிட்ட போயி ஒக்காந்துட்டாருங்க."

மெசினில் துரைக்கு எவ்வளவு நம்பிக்கை! சிவராசாவின் நெஞ்சு ஒரு பக்கம் பூரித்தது, ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. நாளைக்குக் காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு விஷயமோ, உர விஷயமோ நாலு வரி வந்தால்? எழுத்து ஒவ்வொன்றாய் மாறி மாறி வந்தால்? பிரம்புப் பின்னல் நாற்காலி கண்முன்னே கால் முளைத்து நடந்துபோயிற்று.

மறுநாள் காலையில் கம்பியின் மற்றக் கோளாறுகளைத் தேடினார். லயத்துப் பக்கம் யாரோ கம்பியில் கம்பளி காயப்போட்டிருந்தார்கள். அதை எடுப்பித்தார். மூன்றாவது தூணில் சுரைக்கொடி ஏறியிருந்தது. அதை அறுக்கப்போய்க் கொடிக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மகாலிங்கத்தின் யோசனைப்படி மெசினின் அடியிலிருந்த ஒரு திருகாணியைக் கொஞ்சம் முறுக்கினார். அதன் பிறகு மணி 'டிங்' என்று ஒருமுறை அடிப்பதற்குப் பதில் கோயில் மணிபோல் விடாமல் அடித்தது. லயத்தில் இரண்டு கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தூணுக்குத் தூண் ஆட்கள் ஏறி இறங்குவதைப் பங்களா வராந்தாவிலிருந்து தூரக்கண்ணாடி பார்த்துக்கொண்டே இருந்தது. அன்று மெசின் ஓயவேயில்லை.

"சி-யூ-எம்-பி-ஈ-ஈ" என்று தொடங்கினார் மகாலிங்கம். "அகராதியிலை இல்லை. ஆனால் பிரிச்சுப் பார். வா, இரு. இரண்டு ஆங்கிலச் சொல்லு. பக்கத்திலை அதே ஓடை. 'வா, ஓடையில் இரு!'"

"ஐயோ! நாங்கள் இஞ்சை நிக்கிறம், துரை ஓடைக்கு வரச் சொல்லுறார்!"

"பொறு, இன்னும் இருக்கு. திரும்பவும் 'வா, இரு.' பிறகு நீட்டாய் ஒண்டு. டீ-ஓ-டி-டி... தம்பி!" மகாலிங்கத்தின் குரல் இறங்கியது. "கள்ளு! கள்ளு எண்டு கிடக்குது. அதுக்குப் பின்னாலை 'அவர்கள்' எண்டு வரவேண்டியது, எழுத்து மாறிக் கிடக்குது. 'வா, ஓடையில் இரு. அவர்கள் கள்ளு.'"

சிவராசா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். எல்லாம் விளங்கிவிட்டது. நேற்று ஓடையில் இரண்டு பேர் சறுக்கி விழுந்தார்களே! பாறையில் பாசி என்றல்லவா நினைத்தோம்? துரை தூரக்கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். கம்பி கட்டியவர்கள் கள்ளுப் போட்டுவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். பிறகெப்படி எழுத்து நேராக வரும்?

கம்பி வேலைக்காரர் அத்தனை பேரையும் ஓடைக்கரையில் வரிசையாக நிறுத்தினார். மகாலிங்கம் ஒவ்வொருவர் வாயாக முகர்ந்துகொண்டு வந்தார். எதிர்மலையில் தூரக்கண்ணாடி அசையாமல் நின்றது.

அழகனின் முறை வந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை.

"ஊதடா!"

"நான் மால போட்டு வெரதம் இருக்கேங்க. கதிர்காமத்துக்குப் போறவன். என்னையப் பாத்துக் கள்ளுக் குடிச்சியான்னு கேக்குறீங்களே, இது நாயமா?"

"துரை சொல்லியிருக்கிறார். மெசினிலை வந்திருக்கு."

"அப்ப எல்லாருமே ஊதணும்ல? டீமேக்கரையா, மொதல்ல நீங்க ஊதுங்க!"

வரிசை முழுக்க "ஆமாங்க, ஊதுங்க!" என்றது. மகாலிங்கம் பின்வாங்கினார். பின்வாங்கியவரை வீரய்யா கிட்டப் போய் முகர்ந்து பார்த்துவிட்டு, ஓடைக்கே கேட்கும்படி கூவினான்.

"ஆத்தாடி! சாராயம்!"

"சளிக்கு மருந்தடா! ஒரு மூடிதான்!" என்றார் மகாலிங்கம்.

கரையெல்லாம் சிரிப்பு வெடித்தது. ஆனால் அழகன் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்த கத்தியை உருவிப் பாறையில் வைத்துவிட்டு நடந்தான். அவனைத் தொடர்ந்து ஒவ்வொருவராகக் கயிற்றையும் ஏணியையும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஓடைக்கரையில் சிவராசாவும் மகாலிங்கமும் ஏணியும் மிஞ்சின. எதிர்மலையில் துரை ஊன்றுகோலால் வராந்தாக் கைப்பிடியை அடித்துக்கொண்டிருந்தார்.

"சந்தோசமோ கோவமோ எண்டு இஞ்சையிருந்து தெரியேல்லை" என்றார் மகாலிங்கம்.

சிவராசாவுக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு ஒரு முடிவெடுத்தார். பழைய கம்பி வேண்டாம். தலைமுதல் கால்வரை அறுத்தெறிந்துவிட்டு, புத்தம்புதுச் செம்புக் கம்பி இழுப்பது. நேரே கந்தோருக்குப் போய் ஹட்டன் டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் சரிபுதீன் முதலாளிக்கு டெலிபோன் எடுத்தார்.

சரிபுதீன் மத்தியானத்துக்குள் தம் வேனிலேயே வந்து இறங்கினார். ஒரு செம்புக் கம்பிச் சுருளை மாலைபோல் தோளில் மாட்டிக்கொண்டு கந்தோருக்குள் நுழைந்தார். உருண்டையான, சிரித்த முகம்.

"என்ன கிளாக்கர் ஐயா, மலைக்கெல்லாம் மால போடப் போறீங்களா? வேனுக்குள்ள இன்னும் ஈக்குது. போதாட்டிச் சொல்லுங்க, கண்டியிலிருந்து எடுத்துத் தாறேன்."

"அதிலை நில்லுங்கோ முதலாளி. முதலிலை பழையதை வெட்டவேணும்."

சிவராசா கம்பி வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தார். சன்னலுக்கு வெளியே, மெசினுக்கு வரும் கம்பி இரண்டு பீங்கான் குமிழுக்கு நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. ஓடைக்கரையிலிருந்து தூக்கி வந்த ஏணியில் ஏறி, குறட்டின் வாயைக் கம்பியில் வைத்தார்.

கார் ஹோர்ன் அலறியது.

மண் ரோட்டில் செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு துரையின் கார் பாய்ந்து வந்தது. பின் சன்னலால் ஒரு வெள்ளை மாக்கட்டுக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறுசன்னலால் ஊன்றுகோல் ஆடியது.

"இறங்கு! இறங்கு!" என்று துரை கத்திக்கொண்டே வந்தார்.

சிவராசா இறங்கினார். ஏணியும் கூடவே இறங்கியது.

வீரய்யாவும், கோபத்தை மறந்து ஓடிவந்த அழகனும் துரையை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கி, கந்தோருக்குள் மெசினுக்கு முன்னால் இறக்கினார்கள். அவசரத்துக்குக் கிடைத்தது பெரிய கிளாக்கரின் நாற்காலிதான். பிரம்புப் பின்னல் துரையின் பாரத்தில் முனகியது. சன்னல்கள் மறுபடி முகங்களால் நிறைந்தன. சரிபுதீன் கம்பிச் சுருளோடு கதவோரமாக ஒதுங்கி நின்றார்.

"மெசின் வேலை செய்றானா?" என்று துரை கர்ச்சித்தார்.

சிவராசா விறைப்பாக நிமிர்ந்து நின்றார். "மிகத் திறமாக, சேர்" என்றார் ஆங்கிலத்தில். கேட்கவில்லை என்று கண்டு, காதுக்குள் போய் மறுபடி கத்தினார்.

"அப்ப நீ படிக்கிறான்! சத்தமா படிக்கிறான்! எனக்கு கேக்கணும். எல்லாருக்கும் கேக்கணும்!" துரை கடிகாரத்தைப் பார்த்தார். "தொரசாணி இப்ப தட்டுவா. நான் எழுதிக் குடுத்து வந்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, மெசின் உயிர்பெற்றது. கடகடவென்று ஆடியது. எழுத்துகள் பாய்ந்து விழுந்தன. மணி அடிக்கத் தொடங்கி நிற்காமல் அடித்தது. மகாலிங்கம் அதன்மேல் துணியைப் போட்டு அமுக்கிப் பிடித்தார்.

சிவராசா குனிந்து பார்த்தார். அதே ஓடை. அதே பள்ளத்தாக்கு. அதே கிற்றி, அதே கார், அதே கள்ளு. ஒரு எழுத்துக்கூடத் திருந்தவில்லை.

பொய் சொல்லலாம். 'பங்களாவிலிருந்து அனைவருக்கும் நல்வாழ்த்து' என்று அளந்துவிடலாம். ஆனால் எழுதிக் கொடுத்த மனிதர் இதோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு நாளாக மலையேறி இறங்கிய வீரய்யா, இரண்டு கையையும் கூப்பியபடி நின்றான்.

வருவது வரட்டும் என்று சிவராசா கடதாசியைக் கிழித்தார். உள்ளதை உள்ளபடி படித்துவிட்டு, கம்பி தெரியாது சேர், தமையன் முத்திரைதான் விற்றவர் என்று காலில் விழுவது. துரையின் காதுக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, முழுப் பலத்தோடு கத்தினார்.

"நல்லா..!"

துரையின் தலை மேலும் கீழும் ஆடியது. "கரெக்ட்!"

"வாலே..!"

"கரெக்ட்!"

"கெற்றி..! கார்..! றன்..!"

"ஓ, வெரி கரெக்ட்!" துரை ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். கண் இரண்டும் குழந்தையின் கண்போல் பளபளத்தன. பாவம், ஒன்றும் காதில் விழாமல்தான் தலையாட்டுகிறார் என்று சிவராசாவுக்குப் பட்டது. இன்னும் உரக்கக் கத்தினார்.

"கம்... பீ..! டொடாத்தே..!"

"கரெக்ட்! கரெக்ட்! கரெக்ட்!" என்று துரை நாற்காலியிலிருந்து எழும்பவே பார்த்தார். சன்னலோரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழகன் மரமேறுகிறவனுக்குரிய தன் பெரிய கையால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. மகாலிங்கம் மட்டும் அகராதியைத் திறந்தபடி நின்றார்.

சிவராசா வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். மன்னிப்புக் கேட்பதற்காகக் கைகளைக் கூப்பினார்.

கதவோரத்தில் தொப்பென்று ஒரு சத்தம். சரிபுதீன் முதலாளி செம்புக் கம்பிச் சுருளைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் போட்டிருந்தார்.

"அப்ப என்ட கம்பி உங்களுக்குத் தேவல்ல கிளாக்கர் ஐயா. 'நல்ல வேலை, கெட்டிக்காரன், கம்பியத் தொடாதே'ன்டு தொர சுத்தத் தமிழ்லதானே சொல்லி ஈக்காரு!"